கிணற்று நீருக்கு யார் கணக்குச் சொல்வது?

ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் வாசலில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரி வந்து நின்றால் முதல் வேலை ‘பாயிண்ட்’ பார்ப்பது. லோடிலிருந்து மாதிரிக் கிழங்கை எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஒரு பாயிண்ட் ஏறினாலும் இறங்கினாலும் டன் விலை மாறும். விவசாயி பக்கத்திலேயே நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் அங்கேயே சண்டை நடக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பாயிண்ட் பஞ்சாயத்து அடிக்கடி எழும்.

அதே ஆலையின் கழிவுநீர் கால்வாயை ஒட்டித்தான் அந்த விவசாயியின் கிணறும் இருக்கலாம். கிழங்கில் எத்தனை பாயிண்ட் என்பது இரு தரப்புக்கும் தெரியும். கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்பு, அதாவது டி.டி.எஸ்., எவ்வளவு என்று அவர் முன்னால் யாரும் அளந்து காட்டியதில்லை. தொழிற்சாலைக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் இடையே, மாசு நீக்கும் காலத்தில், உறவு எப்படி உருவாகிறது, எங்கே முறிகிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

நிர்வாகவியல் புத்தகங்கள் இந்த விஷயத்தை ஒரே அச்சில் வார்த்துச் சொல்லும்: நிறுவனம் ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம், நடுவே ஒரு பாலம் கட்ட வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்த அச்சு பொருந்தாது. இங்கே உறவு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் பின்னிப் பிணைந்து. மேட்டூரில் ஆலையில் வேலை பார்த்தவரின் மகன்தான் ஆலைக்கு எதிராக மனு எழுதுகிறார். சேகோ ஆலைக்குக் கிழங்கு கொடுப்பவரின் வயலில்தான் ஆலைத் தண்ணீர் பாய்கிறது. பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறைக்காரரும் விசைத்தறிக்காரரும் ஒரே தெரு, பல இடங்களில் பங்காளிகளே. இத்தனை நெருக்கம் இருப்பதால்தான் புகார்கள் தாமதமாக வருகின்றன, வந்தாலும் பாதியில் அடங்கிவிடுகின்றன.

மேட்டூரிலிருந்து தொடங்கலாம். காவிரிக்குக் குறுக்கே அணை 1934இல் முடிந்தது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் கிடைத்ததும் தொழில்கள் வரிசையாக வந்தன. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ், 1960களில் மால்கோ என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதே பத்தாண்டில் பி.வி.சி. தயாரிக்கும் கெம்பிளாஸ்ட், 1980களின் இறுதியில் அனல்மின் நிலையம். ஊருக்குச் சோறு போட்டவை இவை. சைரன் சத்தத்தை வைத்து நேரம் சொன்ன ஊர் அது.

மேட்டூரை அடுத்த கோனூர்ப் பகுதி விவசாயிகளின் புகார்கள் இந்தப் பின்னணியில் எழுந்தவை. கிணற்று நீர் உப்பேறியது, நிறம் மாறியது, பயிர் கருகியது என்று பல ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள். சங்கம் அமைத்து வழக்குக்கும் போனார்கள். 2005இல் சுற்றுச்சூழலுக்கும் மனித உரிமைக்குமான இந்திய மக்கள் தீர்ப்பாயம் மேட்டூரின் நிலைமையை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. கெம்பிளாஸ்ட், மால்கோ இரண்டு ஆலைகளைப் பற்றியும் சுற்றுவட்டார மக்கள் சொன்னவை அதில் பதிவாயின. அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஆனாலும் தனித்தனி மனுக்களாகக் கிடந்தவை ஒரே கோப்பாகச் சேர்ந்தது அப்போதுதான்.

2009இல் கெம்பிளாஸ்ட் தன் மேட்டூர் ஆலைகளில் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியது. பலரும் கேள்விப்பட்ட சொல்தான் அது: ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரை மறுபடி ஆலைக்கே எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுவது உப்பு. செலவு அதிகம், மின்சாரமும் அதிகம். பெரிய முதலீடு இல்லாமல் நடக்காத காரியம் இது, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இங்கே கணக்கு இரண்டு. இன்று முதல் வெளியேறாது என்பது ஒன்று. நேற்று வரை வெளியேறியது எங்கே போனது என்பது இன்னொன்று. சேலம் மாவட்டத்தின் நிலத்தடி கடினப் பாறை. தண்ணீர் பாறை இடுக்குகளிலும் வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. அப்படி உள்ளே போன உப்பு ஒரே சீராகக் கலந்து நீர்த்துப் போய்விடாது. ஒரு கிணறு இனிக்கும், ஐம்பது அடி தள்ளி இன்னொன்று கரிக்கும். குழாயை அடைத்ததும் கிணறு தேறிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிறுவனங்கள் பொதுவாக முதல் கணக்கைப் பெருமையோடு பேசும். மக்கள் கேட்பது இரண்டாவதை. பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

மால்கோ கதை வேறு மாதிரி. அலுமினியத்துக்கு வேண்டிய பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்தது. தாதுவைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா எடுத்த பிறகு எஞ்சும் சிவப்புச் சேறு காரத்தன்மை மிகுந்தது. அது மேட்டூரில் மேடாகக் குவிந்தது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் ஆலையை வாங்கியது. கொல்லிமலைச் சுரங்கத்துக்கு எதிராக 2008இல் சேலத்துச் சமூக ஆர்வலர்கள் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள், சுரங்க வேலை நின்றது. அதே ஆண்டின் இறுதியில் மேட்டூர் அலுமினிய உற்பத்தியும் நின்றது. வேலை போனது, சம்பளம் போனது, கழிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஓடுகிற ஆலையிடம் கேட்க ஆள் உண்டு. வாசலில் காவலாளியாவது நிற்பார். மூடிய ஆலையிடம் யாரைக் கேட்பது? மாசு நீக்கத்தின் மிகக் கடினமான பகுதி இந்த இடைவெளிதான். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்டு முப்பது ஆண்டுகளாகின்றன. லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு இன்னும் ஊருக்குப் பிரச்சினை. லாபம் வந்த காலத்தில் அகற்றும் செலவுக்கென்று பணம் ஒதுக்கி வைக்காவிட்டால், மூடிய பிறகு உறவு என்பது பூட்டிய கேட்டோடு வைத்துக்கொள்ளும் உறவுதான்.

சேகோ தொழிலுக்குத் திரும்பினால் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தி 1940களில் தொடங்கியது. ஆலைகள் சேர்ந்து அமைத்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் இயங்குகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து, அரைத்து, பால் எடுத்து, தொட்டிகளில் மாவு படிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடித்து வெளியே விடுவார்கள். சக்கையைத் ‘திப்பி’ என்பார்கள். அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிடலாம். வடித்த தண்ணீர்தான் வம்பு. இரண்டு நாள் தேங்கினால் புளித்து நாறும். அமிலத்தன்மையோடு, அழுகும் கரிமப் பொருள் நிறைந்தது. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில், அழுகும் கரிமப் பொருளைக் காட்டும் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சுத்திகரிக்காத சேகோ நீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்கடியும் மின் கட்டணமும் ஒருசேரக் கழுத்தைப் பிடித்தபோது ஆலைக்காரர்களுக்கு ஒரு வழி புலப்பட்டது. நாறும் அதே தண்ணீரை மூடிய தொட்டியில் காற்றுப் படாமல் நொதிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும். அந்த வாயுவை மாவு வறுக்கும் அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் பயன்படுத்தலாம். விறகுச் செலவு குறைந்தது, நாற்றமும் குறைந்தது. ஊராரிடம் பேசிப் புரியவைக்க வேண்டிய அவசியம்கூட அங்கே பெரிதாக எழவில்லை. மூக்கே சாட்சி.

ஆனால் இந்த உதாரணத்தை நீட்டி எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. கழிவிலிருந்து காசு வந்ததால் இங்கே வேலை நடந்தது. சாயக்கழிவிலிருந்து மீத்தேன் வராது. குரோமியத்தையோ பாதரசத்தையோ அள்ளுவதில் யாருக்கும் லாபமில்லை. தவிர, வாயு எடுத்த பிறகும் தண்ணீர் முழுமையாகச் சுத்தமாவதில்லை, அதற்கு மேலும் ஒரு கட்டம் வேண்டும். லாபம் முடிகிற இடத்தில் பல ஆலைகளின் அக்கறையும் முடிந்துவிடுகிறது.

காவிரிக் கரைக்கு வந்தால் பள்ளிபாளையமும் குமாரபாளையமும். லுங்கி, துண்டு, வேட்டி, சேலை என்று விசைத்தறிகள் ஓடும் ஊர்கள். நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறைகள் தறிகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. முக்கிய ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்று தமிழக அரசு 1989இல் ஆணையிட்டது. 1998இல் அந்த எல்லை 5 கிலோமீட்டர் ஆனது. ஆணை காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், அனுமதியில்லாத பட்டறைகளின் மின் இணைப்பைத் துண்டிப்பதும், பொக்லைன் வைத்து இடிப்பதும், சில மாதங்களில் அவை வேறு கொட்டகையில் முளைப்பதும் வாடிக்கையான செய்தி.

சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் போய் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றிலும் இதே நிலைதான். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் விவசாயிகள் மகிழ வேண்டும். இங்கே வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வருவதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். மழை நாளாகப் பார்த்துக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்களின் நெடுநாள் குற்றச்சாட்டு.

இங்கே ‘நிறுவனம்’ யார்? நான்கு தொட்டியும் இரண்டு ஆளும் வைத்திருக்கும் பட்டறைக்காரரிடம் மக்கள் தொடர்பு அதிகாரி இருக்க மாட்டார். தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் அவரால் முடியாது. எதிர்த்து எழுதிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மனம் வராது. இடித்தால் நூறு தறிகளுக்கு நூல் வராது என்பது அவருக்குத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றே வழி என்று எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்கிறது. எந்த நிலத்தில், யார் செலவில் என்று வரும்போது பேச்சு நின்றுபோகிறது. சிறு தொழில்களைப் பொறுத்தவரை உறவு கட்டும் பொறுப்பைத் தனி முதலாளியின் தலையில் வைத்துப் பயனில்லை. சங்கமும் அரசும்தான் அதைச் சுமக்க வேண்டும்.

திருப்பூர் அந்தச் சுமையை நீதிமன்றத்தின் கட்டாயத்தில் ஏற்றது. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, சாயநீர்த் தொட்டியாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அதன் பிறகும் நிலைமை சரியாகாமல் 2011 ஜனவரியில் எல்லாச் சாய ஆலைகளையும் மூடச் சொன்னது. ஊர் ஸ்தம்பித்தது. கழிவுநீரை முழுமையாக மீட்கும் பொது நிலையங்கள் அதற்குப் பிறகுதான் உறுதியாக இயங்கத் தொடங்கின. ‘லிட்டருக்கு இத்தனை காசு’ என்ற அந்த ஒற்றை வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாசு என்ற பொதுவான புலம்பலை, அளக்கக்கூடிய கடனாக அது மாற்றியது.

அளவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் மற்ற இடங்களிலும் உறவின் போக்கை முடிவு செய்திருக்கிறது. கடலூர் சிப்காட் பகுதிக் கிராமத்தினர் 2004இல் நாற்றம் வரும் நேரத்தில் வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு வேதிப்பொருட்கள் இருப்பதாக முடிவு வந்தது. அதுவரை ‘நாறுகிறது’ என்ற மனுவுக்கு ‘அப்படியெல்லாம் இல்லை’ என்பதே பதிலாக இருந்தது. பட்டியல் கையில் வந்த பிறகு பேச்சின் தொனியே மாறியது.

கொடைக்கானலில் 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடந்தது வெளியானது. ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016 மார்ச்சில், பதினைந்து ஆண்டு கழித்து. இந்த இழுபறியில் பெரும்பகுதி ஓர் எண்ணைப் பற்றியது: சுத்தம் செய்த மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்? வாரியம் ஏற்றுக்கொண்ட அளவு 20. சோலைக்காட்டுக்கு அது மிக அதிகம் என்று போராடியவர்கள் வாதிட்டார்கள். மக்களை வைத்துக்கொண்டு முதலில் முடிவு செய்திருக்க வேண்டிய எண் அது.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையும் சுற்றுப்புறத்தில் நலத் திட்டங்கள் நடத்திய நிறுவனம்தான். தையல் பயிற்சியும் மருத்துவ முகாமும் நம்பிக்கைக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

சுத்தம் செய்வதே புதிய பகையை உண்டாக்கவும் கூடும். போபால் யூனியன் கார்பைடு வளாகத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரி 2ஆம் தேதி பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். போபால்காரர்கள் வெகுகாலம் கேட்டது அது. பீதம்பூரில் மறுநாளே கலவரச் சூழல், இருவர் தீக்குளிக்க முயன்றார்கள். கழிவு எங்கிருந்து போகிறது என்பதைப் பேசியவர்கள், எங்கே வருகிறதோ அந்த ஊரிடம் பேசவில்லை. மேட்டூரிலோ ராணிப்பேட்டையிலோ நாளை மண்ணை அள்ளினால், அதைக் கொட்டப்போகும் ஊரும் அக்கம்பக்கத்தான் என்று இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதரசக் கழிவால் மக்கள் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1959 டிசம்பரில் சுத்திகரிப்பு நிலையம் திறந்தபோது, நிறுவனத் தலைவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அந்த நிலையம் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. அதே மாதம் நோயாளிகளுக்கு ‘அனுதாபத் தொகை’ கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டது நிறுவனம். 1973இல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. ஊருக்குள் நோயாளிகளும் ஆலைத் தொழிலாளர்களும் முகம் பார்க்காத நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1994இல் நகர மேயர் நினைவுக் கூட்டத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்ட பிறகே அந்த உடைசல் ஒட்டத் தொடங்கியது.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மாசடைந்த பெரும் தளங்களைச் சுத்தம் செய்யும்போது, பாதிக்கப்பட்ட ஊர்க் குழுவுக்குத் தொடக்கத்தில் 50,000 டாலர் வரை மானியம் கிடைக்கும். அந்தப் பணத்தில் மக்கள் தங்களுக்கென ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ளலாம். நிறுவனத்தின் அறிக்கையை நிறுவனத்தின் ஆளே வாசித்துக் காட்டும் நிலைமை அதனால் தவிர்க்கப்படுகிறது.

நம் சட்டங்கள் இதில் எங்கே நிற்கின்றன? லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற கம்பெனிச் சட்ட விதி 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. பள்ளிக்கு வகுப்பறை, தெருவுக்குச் சோலார் விளக்கு, ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டி என்று அந்தப் பணம் வந்து சேர்கிறது. வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் தொட்டியில் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்துக் கிணற்று நீரின் பரிசோதனை முடிவு எந்தச் சுவரிலும் இருக்காது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் உரியது. சுத்தம் செய்யும் திட்டத்துக்கு அப்படியொரு கூட்டம் கட்டாயமில்லை. ஆலை வரும்போது ஊரைக் கேட்கிற சட்டம், கழிவை எப்படி அகற்றுவது என்று கேட்பதில்லை.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு இந்த மண்ணிலிருந்து போனதுதான். வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெடும் அதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. நடுவே 28 ஆண்டுகள்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு முறைமை புலப்படுகிறது. கட்டாயம் இல்லாமல் தொடங்கிய மாசு நீக்கம் அரிது. லாபம் தந்த இடத்தில் அது வேகமாக நடந்தது. பரிசும் நன்கொடையும் முன்னால் வந்து கணக்கு பின்னால் வந்த இடங்களில் உறவு ஒட்டவே இல்லை. கூலி, கிழங்கு, நூல் என்று ஏற்கெனவே கட்டுண்டிருக்கும் சேலம், நாமக்கல் ஊர்களுக்கு இன்னொரு கட்டு தேவையில்லை. எந்தக் கட்டுக்கும் அடங்காத ஒரு தாள் தேவை: எந்தக் கிணறு, எந்தத் தேதி, யார் அளந்தது, எவ்வளவு. பாயிண்ட் பார்ப்பதைப் போல இரு தரப்பும் கூட நின்று பார்த்த அளவு.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தளங்களுக்கான தனி விதிகளை அறிவித்தது. சுரங்கக் கழிவு வேறு சட்டத்தின் கீழ் வருவதால் பொதுவாக அதில் சேராது. சேலம் மேக்னசைட் குவாரிக் குன்றுகளுக்கு அது உதவுமா என்பது சந்தேகம். ஆனால் ஆலைக் கழிவால் கெட்ட நிலத்துக்கு அது பொருந்தும். சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டியது உள்ளாட்சி அமைப்பு அல்லது மாவட்ட நிர்வாகம். பட்டியலில் சேர்க்கப் பொதுமக்களின் புகாரே போதுமான தொடக்கம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழகத்தில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. கெட்டுப்போன கிணற்றின் சர்வே எண்ணையும் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்று போகலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கிணற்றைப் பற்றி ‘அப்படியொன்று இல்லை’ என்று பதில் எழுத யாராலும் முடியாது.